பிரேமைக் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய ஸ்டீல் பிரேமைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் முதலில் காட்டுவது ஸ்டிக்கரைத்தான். "அண்ணாச்சி, ரெனால்ட்ஸ்னு போட்டிருக்கு பாருங்க." "இது டாங்கே பைப்பு, ஜப்பான் சாமான்." "குரோமோலின்னு எழுதியிருக்கே, நல்லதுதானே?" நான் தலையாட்டிவிட்டு பிரேமை வாங்கித் தலைகீழாகத் தரையில் வைப்பேன். ஸ்டிக்கரை எந்த அச்சகத்திலும் அடித்து ஒட்டலாம். அடிப்பக்கத்தை யாரும் அலங்கரிப்பதில்லை. பி.பி. ஷெல்லுக்கு, அதாவது பெடல் ஆக்சில் சுழலுகிற கூட்டுக்கு, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா, பின்சக்கரத்தின் ஆக்சில் உட்காருகிற தகடு எவ்வளவு தடிமன், அங்கிருந்து பின் ஆக்சில் வரை போகிற செயின் ஸ்டே எவ்வளவு நீளம், கேரியர் மாட்டத் துளை உண்டா, மட்கார்டு போட்ட பிறகும் டயருக்கு இடம் மிஞ்சுமா என்று பார்ப்பேன். தினசரி வேலைக்குப் போய்வரவும், லீவு கிடைத்தால் பை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகவும் ஒரே வண்டி வேண்டும் என்பவருக்கான பதிலில் முக்கால்வாசி அங்கேயே கிடைத்துவிடும்.

எங்கள் கடை தூத்துக்குடியில். அப்பா காலத்தில் வாடகை சைக்கிள் கடையாக இருந்தது. என் காலத்தில் ரிப்பேரும் பழைய வண்டி வாங்கி விற்பதும்தான். உப்பளத்துக்குப் போகிறவர்கள், துறைமுகத்துக்குப் போகிறவர்கள், மீன் விற்கிறவர்கள் என்று வாடிக்கையாளர்கள் எல்லாருமே உப்போடு புழங்குகிறவர்கள். மீன்காரர்களின் வண்டியைப் பிரித்துப் பார்த்தவனுக்கு ஸ்டீல் எங்கே சாகும் என்று தெரியும். கூடையில் ஐஸ் கரைந்து உப்புத் தண்ணீர் கேரியர் வழியாகச் சொட்டி, பின்பக்கக் குழாய்கள் இரண்டும் தகட்டில் சேருகிற மூலையில் போய்த் தங்கும். பெயின்ட் பார்க்க நன்றாக இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினால் உள்ளே போகும். இன்னொரு இடம் பி.பி. ஷெல். சீட் பைப் வழியாக இறங்குகிற மழைத்தண்ணீர் முழுவதும் அங்கே தேங்கி நிற்கும். பைப்பின் நடுவில் ஒடிந்து வந்த பிரேமை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒடிவது எப்போதும் மூட்டில், அல்லது மூட்டுக்கு அரை அங்குலம் தள்ளி.

ஸ்டிக்கரை நான் பெரிதாக மதிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்பத்தூரில் 1949-ல் முருகப்பா குழுமமும் பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கின. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று நம் வீட்டுத் திண்ணைகளில் சாய்ந்து நின்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவை. பைப்புக்கென்றே ஆவடியில் 1955-ல் டியூப் புராடக்ட்ஸ் ஆலை வந்தது. தகட்டைச் சுருட்டி மின்சாரத்தால் ஒட்டிய பைப்பு அங்கே தயாரானது. ரெனால்ட்ஸ் கம்பெனியும் 1928 முதல் பல காலம் அதே பர்மிங்ஹாம் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸுக்குச் சொந்தமாக இருந்தது. அந்த ரெனால்ட்ஸ்தான் 1935-ல் 531 என்கிற மாங்கனீஸ்-மாலிப்டினம் பைப்பைக் கொண்டுவந்தது. டூர் டி பிரான்ஸைப் பலமுறை வென்ற சைக்கிள்கள் அதில் செய்தவை. ஒரே வீட்டுப் பிள்ளைகள்: ஒருவன் ஐரோப்பாவில் பந்தயம் ஓடினான், மற்றவன் நம் ஊரில் மூட்டை சுமந்தான். மூட்டை சுமந்தவன் இன்றைக்கும் எங்கள் மீன் மார்க்கெட் வாசலில் நிற்கிறான்.

1923-ல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் முழுச்சுற்றையும் முடித்து 1928-ல் ஊர் திரும்பினார்கள். அவர்கள் கிளம்பும்போது 531 பிறக்கவே இல்லை. இதை நான் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள். ஆனால் ஸ்டிக்கரைத் தடவுவதை நிறுத்திவிடுவார்கள்.

உலோகத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். அரைகுறையாகக் கேட்டுவிட்டு வருகிறவர்களால்தான் குழப்பம். சாதா ஸ்டீலோ, ஹைடென் ஸ்டீலோ, குரோமோலியோ, எதுவானாலும் ஒரே அளவு பைப்பில் ஒரே பாரத்தை ஏற்றினால் ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். விறைப்பில் வித்தியாசம் இல்லை. எவ்வளவு வளைந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பும், எந்த இடத்தில் திரும்பாமல் கோணிக்கொள்ளும் என்பதில்தான் வித்தியாசம். இரும்போடு ஒரு சதவீத அளவுக்குக் குரோமியமும் அதைவிடச் சொற்பமாக மாலிப்டினமும் சேர்ந்தால் அந்த எல்லை உயர்கிறது. எல்லை உயர்ந்தால் பைப்பின் சுவரை மெல்லிசாக்கலாம், எடை குறையும். பட்டட் பைப்பு என்பதும் இதுதான். மூட்டு வருகிற இரண்டு முனையிலும் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. என்று உள்பக்கமாக இழைத்திருப்பார்கள். பைப்பு மூட்டில்தான் ஒடியும் என்று மீன்காரர் வண்டி சொல்வதைத்தான் ரெனால்ட்ஸ் 1897-லேயே காப்புரிமையாக எழுதி வாங்கியிருக்கிறார்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சுவர் மெலிந்தால் விறைப்பும் குறையும். பந்தயக்காரனுக்கு அது பெரிய குறையில்லை; அவன் முதுகில் ஒரு பனியனைத் தவிர வேறு பாரம் இல்லை. பின்னால் பதினைந்து கிலோ பை கட்டியவனுக்கு அதே பிரேம் ஹேண்டில் வரைக்கும் நெளியும். பயணத்துக்கென்று செய்த பிரேமில் கீழ்ப்பைப்பை 28.6-க்குப் பதில் 31.8 மி.மீ. விட்டத்தில் போடுவது இதனால்தான். சுவரின் தடிமன் மாறாமல் விட்டம் அவ்வளவு கூடினாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும். ஆக, பைப்பின் பெயரைக் கேட்பதைவிட விட்டத்தை அளப்பது மேல்.

வங்கியில் வேலைபார்க்கும் ஒரு தம்பி 531 ஸ்டிக்கர் ஒட்டிய பழைய பந்தய பிரேமை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்தார். ஸ்டிக்கர் பொய்யில்லை, பிரேமும் அழகு.

"இதுல ராமேஸ்வரம் போயிரலாம்லா அண்ணாச்சி?"

"போகலாம் தம்பி. பை இல்லாம போகணும்."

"பை கட்டாம எப்படிப் போறது?"

"அதான் கேக்கேன். கேரியர் மாட்ட காது எங்க இருக்கு, காட்டுங்க."

காது இல்லை. பி.பி. மையத்திலிருந்து பின் ஆக்சில் மையம் வரை அளந்தால் 41 செ.மீ. பை கட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கும். பயண பிரேமில் அந்த நீளம் 44 முதல் 46 செ.மீ. வரை இருக்கவேண்டும். பாரமும் அப்போதுதான் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்காமல் அதன்மேல் உட்காரும். டயருக்கும் பிரேமுக்கும் நடுவில் விரல்கூட நுழையவில்லை. 25 மி.மீ. டயருக்கு மேல் போடமுடியாது, மட்கார்டு கேட்கவே வேண்டாம். அந்தத் தம்பி இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்செந்தூர் வரை அதில் பறந்துவிட்டு வருகிறார். ஆபீசுக்கு வேறு வண்டி. ஆடாக்ஸ் ஓட்டக்காரர்களுக்கும் அந்த மாதிரி பிரேம் சரிவரும். 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்தில், 600-ஐ நாற்பது மணி நேரத்தில் முடிக்க வேண்டியவர்கள் அவர்கள். கையில் கொண்டுபோவது ஒரு சின்னப் பை. அவர்களுக்குக் கிராம் கணக்கு உண்டு. நமக்கு இல்லை. நல்ல பயண பிரேம் வெறும் பிரேமாக இரண்டு கிலோவைத் தாண்டும். ஹைடென் என்றால் மூன்றைத் தொடும். ஏறி உட்காருகிற ஆளும் பையுமாக எண்பது, தொண்ணூறு கிலோ வரும்போது அந்த ஒரு கிலோவுக்கு யாரும் தூக்கம் கெடவேண்டியதில்லை.

ஸ்டிக்கர் உண்மையா என்று அறியச் சுலபமான வழி சீட் பில்லர். அதை உருவி எடுத்தால் விட்டம் பொறித்திருக்கும். சீட் பைப்பின் வெளிவிட்டம் வழக்கமான 28.6 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லர் 27.2 என்றால் சுவர் 0.6, 0.7-தான், நல்ல மெல்லிசு பைப்பு. பில்லர் 25.4 என்றால் சுவர் ஒன்றரை மி.மீ.; மேலே எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் அது சாதா பைப்பு. நகத்தால் பைப்பைச் சுண்டிக்கொண்டே நகர்த்தினாலும் தெரியும். பட்டட் பைப்பில் முனையில் ஒரு சத்தம், நடுவில் வேறு சத்தம்.

பில்லர் உருவவே வரவில்லை என்றால்? எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். ஸ்டீல் பைப்புக்குள் அலுமினிய பில்லர், நடுவில் உப்புக்காற்று. கிரீஸ் தடவாமல் சில வருடம் விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். வைஸில் பிடித்து, ஆளுக்கொரு பக்கம் திருகி, கடைசியில் உள்ளுக்குள்ளேயே அறுத்தெடுக்கிற நிலைமை வரும். பழைய பிரேம் வாங்கும்போது பில்லரும் ஹேண்டில் ஸ்டெமும் அசைகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அசையாவிட்டால் அந்த பிரேம் உங்கள் உயரத்துக்குத் தானாகப் பொருந்தியிருந்தாலொழிய வேண்டாம்.

அடுத்து, முன்பக்கம் கீழ்ப்பைப்பு ஹெட் டியூபோடு சேருகிற இடம். கண்ணால் பார்க்கக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பக்கமாக விரலை ஓட்டவேண்டும். வண்டி எங்காவது நேருக்கு நேர் மோதியிருந்தால் மூட்டுக்குச் சற்றுப் பின்னால் லேசான வீக்கம் தட்டும். புதுப் பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். வீக்கம் இருந்தால் விலை பேசவே தேவையில்லை.

பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க எந்த மெஷினும் வேண்டாம். ஒரு நூல்கண்டு போதும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கத் தகட்டில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய் ஹெட் டியூபைச் சுற்றி, திரும்பக் கொண்டுவந்து மறுபக்கத் தகட்டில் இழுத்துக் கட்டவேண்டும். இப்போது சீட் பைப்புக்கு இரண்டு பக்கமும் நூல் போகும். இடப்பக்க இடைவெளியையும் வலப்பக்க இடைவெளியையும் ஸ்கேல் வைத்து அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு மி.மீ. வித்தியாசத்தை நான் மன்னிப்பேன். நாலு, ஐந்து என்றால் பின்பக்கம் ஒருபுறமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அப்பா இதைச் சணல் கயிற்றில் செய்வார். எனக்கு நைலான் தூண்டில் நரம்பு வசதி. இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும், இழுவையில் தொய்யாது.

பின்பக்கம் சற்று இழுத்திருந்தால் ஸ்டீலில் அதைத் திருத்தலாம் என்பது வேறு விஷயம். இரண்டு தகட்டுக்கும் நடுவிலுள்ள அகலம் எழுபதுகளின் பந்தய பிரேம்களில் 120, அதற்குப் பிறகு 126, பின்னர் வந்த ரோடு வண்டிகளில் 130, அப்போதைய மலைவண்டியிலும் பயண வண்டியிலும் 135 மி.மீ. 126-ஐ 130 ஆக்க வேண்டுமென்றால் சூடு காட்டாமல், கையாலேயே பக்கத்துக்கு இரண்டு மி.மீ. விரிக்கலாம். ஒரு பக்கம் விரிப்பது, நூல் கட்டி அளப்பது, மறுபக்கம் விரிப்பது, மறுபடி அளப்பது. பொறுமைதான் கருவி. கியர் மாட்டுகிற காது விழுந்து வளைந்திருந்தாலும் இப்படியே நிமிர்த்திவிடலாம். அலுமினிய பிரேமிலோ கார்பனிலோ இதைச் செய்யச் சொல்லி யாராவது வந்தால் நான் கையை எடுத்துக் கும்பிட்டுவிடுவேன். ஸ்டீல் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முழுக் காரணமும் இதுதான். சொகுசு, துள்ளல் என்று மற்றவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி டயரின் வேலை.

சக்கர அளவைப் பற்றிப் பேசாமல் பிரேமைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. பிரேமை வாங்கும்போதே நீங்கள் சக்கரத்தையும் வாங்கிவிடுகிறீர்கள். நம் கறுப்பு வண்டியின் 28 x 1½ டயர் உட்காருகிற ரிம்மின் விட்டம் 635 மி.மீ. வெளிநாட்டு ரோடு வண்டி, ஹைப்ரிட், பயண வண்டி பலவற்றின் 700சி டயருக்கு 622. பழைய மலைவண்டியின் 26 அங்குல டயருக்கு 559. இந்த எண் அந்தந்த டயரின் பக்கவாட்டில் பொடியாக அச்சிட்டிருக்கும். அங்குலக் கணக்கை நம்பினால் நடுரோட்டில் நிற்க வேண்டிவரும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி பக்கம் போகும்போது 700சி டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. பக்கத்துக் கடையில் கேட்டால், "28 இஞ்சுதானே, இருக்கு" என்று கறுப்பு வண்டி டயரை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். 700சி டயரிலும் சில கம்பெனிகள் 28 என்று போடுவதுண்டு, ஆகவே கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. 13 மி.மீ. பெரிய டயர் ரிம்மில் எப்படி நிற்கும்? லாரியில் ஏறித்தான் ஊர் வந்தார்.

இந்த அனுபவங்களை எல்லாம் கூட்டிக் கழித்த பிறகு என் கட்சி 26 அங்குலக் கட்சி. பள்ளிக்கூடப் பையன்களின் மலைவண்டிகள் எல்லாம் அந்த அளவில் ஓடியதால் 559 டயரும் டியூபும் வேம்பாரிலும் கிடைக்கும், ஏர்வாடியிலும் கிடைக்கும். சக்கரம் சிறியது என்பதால் ஸ்போக்ஸ் கம்பியும் குட்டை, பாரம் தாங்கும். இரண்டு அங்குல டயர் போட்டால் நம் ஊர்ப் பள்ளங்களுக்கு வேறு சொகுசு தேவையில்லை. தொண்ணூறுகளில் வந்த, ஷாக் இல்லாத, குரோமோலி மலைவண்டி பிரேம் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். செயின் ஸ்டே பந்தய பிரேமைவிட நீளம், டயருக்கு இடம் தாராளம், 135 அகலம், பெரும்பாலும் கேரியர் காதும் உண்டு. பந்தயக்காரர்கள் சீண்டாததால் விலையும் குறைவு. 700சி-தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் மட்கார்டோடு 35 மி.மீ. டயர் போகிற பிரேமாகப் பாருங்கள். பையில் மடக்கு டயர் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

புதிதாகக் கடைகளில் விற்கிற மலிவு விலை வண்டிகளில் முன்னால் ஷாக் வைத்திருப்பார்கள். வேண்டாம். அதில் உப்புத் தண்ணீர் இறங்கினால் ஒரே மழைக்காலம்தான். நேரான ஸ்டீல் போர்க்கில் முன்பைகூடக் கட்டலாம். பாரம் முழுவதையும் பின்னால் ஏற்றாமல் கொஞ்சத்தை முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் தாழ்வாகக் கட்டினால் வண்டி நேராகப் போகும். ஆனால் ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போகிறவர்கள் முன்பையைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றாலைகளைச் சும்மா அங்கே நட்டு வைக்கவில்லை. பக்கக்காற்று ஹேண்டிலைப் பிடுங்கும்.

கேரியர் காது 5 மி.மீ. போல்ட் போகிற மாதிரி மரை வெட்டியிருக்க வேண்டும். தகட்டுக்கு இரண்டு துளை இருந்தால் ஒன்று கேரியருக்கு, ஒன்று மட்கார்டுக்கு. ஒன்றே இருந்தாலும் சமாளிக்கலாம். துளையே இல்லாமல் கிளாம்ப் போட்டு முறுக்குவது ஊருக்குள் சுற்றுவதற்குச் சரி, நூறு கிலோமீட்டருக்கு ஆகாது. தகடு அடித்துச் செய்த முழு இரும்பா, வெறும் தகட்டை வெட்டி நசுக்கிய பைப்புக்குள் சொருகியதா என்றும் பாருங்கள். முதலாவது ஆயுசுக்கும் வரும். பிரேக்கைப் பற்றி எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. வி-பிரேக்கோ, கேபிள் இழுக்கிற டிஸ்க்கோ, எதுவானாலும் நனைந்தால் பிடிக்காத பழைய கம்பி பிரேக்கைவிட மேல்.

பிரேமின் சைஸை மட்டும் யாரோடும் சண்டைபோட்டாவது சரியாக எடுங்கள். மேல்பைப்பு மேல் கால் போட்டு நின்றால் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். ஹேண்டிலை சீட் உயரத்துக்காவது ஏற்ற முடியவேண்டும்.

வெல்டிங் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீலை எந்த ஊரிலும் ஒட்டலாம் என்பது பாதி உண்மை. கறுப்பு வண்டியின் தடித்த பைப்பை ரோட்டோரப் பட்டறையில் ஆர்க் வைத்து ஒட்டினாலும் தாங்கும். 0.6 மி.மீ. குரோமோலியில் அதே ராடை வைத்தால் பைப்பே ஓட்டையாகும். கேஸ் வைத்துப் பித்தளையால் ஒட்டத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடியுங்கள். எங்கள் ஊரில் படகு வேலை செய்கிற பட்டறைகளில் இன்னும் அந்தக் கை இருக்கிறது.

வாங்கிய பிறகு செய்யவேண்டியது கொஞ்சம்தான். பி.பி.யைக் கழற்றி, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை எல்லாப் பைப்புக்குள்ளும் ஊற்றி, பிரேமை இப்படியும் அப்படியும் உருட்டி, மிச்சத்தை வடித்து, ஒரு வாரம் காயவிடுங்கள். ஷெல்லின் அடியில் ஓட்டை இல்லையென்றால் சின்னதாக ஒன்று போடுங்கள். பில்லருக்கு வருடம் ஒருமுறை கிரீஸ். கடற்கரைக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பது. இவ்வளவு செய்தால் உப்புக்காற்றும் பொறுமையாக நடந்துகொள்ளும்.

பிரேம் பார்க்கப் போகும்போது ஒரு ஸ்கேல், ஒரு நூல்கண்டு, பில்லர் நட்டுக்கு ஒரு ஸ்பானர் எடுத்துக்கொண்டு போங்கள். நூல் கட்டிப் பார்க்க விடாதவரிடம் பிரேம் வாங்காதீர்கள்.